உமது தொழில் யாது?



நம் இல்லங்களில் இன்று கண் செல்லும் இடமெல்லாம் பிளாஸ்டிக் பொருள்கள் நிறைந்துள்ளன. கிணற்று நீரை மேலே ஏற்றும் குழாய், மின்கம்பியின் மேலுறை, மழைக்கோட்டு, மருத்துவமனையில் குருதியைச் சேமித்து வைக்கும் பை ஆகிய இவற்றுள் பெரும்பாலானவை ஒரே பொருளால் ஆனவை. அப்பொருளின் முழுப்பெயர் பாலிவினைல் குளோரைடு; மக்கள் அதனைப் பி.வி.சி. என்று சுருங்க வழங்குவர். விலை மலிவு, துரு ஏறாது, கறையான் அரிக்காது, ஆண்டுகள் பல உழைக்கும். இதன் பயனை நான் குறைத்துக் கூற வரவில்லை. இதனை உண்டாக்கும் ஆலைகளில் நின்ற மனிதர்கள் எத்தகைய காற்றைச் சுவாசித்தார்கள் என்னும் வரலாற்றையே இன்று உங்கள்முன் வைக்க விழைகின்றேன்.

நான் மருத்துவன் அல்லேன். ஆலை நடத்தியவனும் அல்லேன். ஆசிரியப் பயிற்சி பெற்று, முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் பணியாற்றி, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு வேதியியலும் கற்பித்ததுண்டு. வினைல் குளோரைடு என்னும் சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து நெடுஞ்சங்கிலியாகும் முறையைக் கரும்பலகையில் பலமுறை எழுதிக் காட்டியிருக்கின்றேன். இடப்பக்கம் ஒரு வாய்பாடு, வலப்பக்கம் ஒரு வாய்பாடு, நடுவே ஓர் அம்புக்குறி. அந்த அம்புக்குறி இருக்கும் இடத்தில் மனிதர் ஒருவர் நிற்கின்றார் என்பதை ஒருநாளும் நான் மாணவர்க்குச் சொன்னதில்லை. எனக்கே அது தோன்றியதில்லை.

அதனை எனக்கு உணர்த்தியவர் என் பழைய மாணவர் ஒருவர். குழாய் வார்க்கும் ஆலையொன்றில், மூலப்பொடியைக் கலக்கும் இடத்தில் இருபது ஆண்டுகளாக வேலை பார்ப்பவர். பொங்கலுக்கு ஊர் வந்தவர் என்னைக் காண வந்திருந்தார். பேசிக்கொண்டிருக்கையில் இடைவிடாது இருமினார்.

"மருத்துவரிடம் காட்டினாயா, தம்பி?" என்று கேட்டேன்.

"காட்டினேன் ஐயா. வயது கேட்டார், பீடி குடிப்பாயா என்று கேட்டார், வீட்டில் யாருக்காவது காசநோய் உண்டா என்று கேட்டார். மருந்து எழுதிக் கொடுத்தார்."

"நீ செய்யும் வேலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையா?"

"இல்லை ஐயா. கேட்காததை நாமாகச் சொல்வது எப்படி என்று நானும் சொல்லவில்லை" என்றார்.

அவர் சென்றபின் அந்த விடை என் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. கேட்கப்படாத அந்த ஒரு வினாவுக்கு முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதனைத் தேடிப் படித்ததன் பயனே இப்பேச்சு.

இத்தாலி நாட்டின் வடபகுதியில் மொதேனா என்னும் நகரம் உள்ளது. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே பெர்னார்தினோ ராமசினி என்னும் மருத்துவர் வாழ்ந்தார். அவர் வீட்டு மலக்குழியைத் துப்புரவு செய்ய ஒருநாள் தொழிலாளர் வந்தனர். அவர்களுள் ஒருவன் மூச்சுத் திணறத் திணற விரைந்து வேலை செய்வதை ராமசினி கண்டார். இவ்வளவு விரைவு எதற்கு என்று வினவினார். குழியில் நெடுநேரம் நின்றால் கண்ணே போய்விடும் என்னும் பொருள்பட அவன் விடை கூறினான். அன்று முதல் ராமசினி தொழிற்கூடங்கள்தோறும் சென்று, குயவர், கல்தச்சர், கண்ணாடி செய்வோர், எழுத்தர் எனப் பல தொழிலாளரின் நோய்களை ஆராய்ந்தார். 1700-ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். நோயாளியிடம் பண்டை மருத்துவர் கேட்கச் சொன்ன வினாக்களோடு மேலும் ஒரு வினாவைச் சேர்க்குமாறு மருத்துவர்களை அந்நூலில் வேண்டினார். 'உமது தொழில் யாது?' என்பதே அவ்வினா. அவர் 1714-ஆம் ஆண்டில் பதுவா நகரில் காலமானார். மொதேனா, பதுவா என்னும் இவ்விரு பெயர்களையும் நினைவில் வைத்திருங்கள். நம் வரலாறு பின்னர் அவ்விரு நகரங்களுக்கும் அருகே மீண்டும் வரும்.

இனிப் பொருளுக்கு வருவோம். வினைல் குளோரைடு நிறமற்ற ஒரு வாயு. அதனை 1835-ஆம் ஆண்டில் ஹென்றி விக்டர் ரெஞோ என்னும் பிரெஞ்சு அறிஞர் முதன்முதலில் உண்டாக்கினார். 1872-ஆம் ஆண்டில் யூஜின் பவ்மன் என்னும் ஜெர்மானிய அறிஞர், வெயில்பட்ட கண்ணாடிக் குழலுக்குள் அவ்வாயு வெண்ணிறத் திண்பொருளாக மாறியிருக்கக் கண்டார். அதனால் என்ன பயன் என்று அக்காலத்தில் எவர்க்கும் தெரியவில்லை. வளையாது, எளிதில் உடையும், சூடேற்றினாற் கெடும். 1926-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பி. எஃப். குட்ரிச் என்னும் ரப்பர் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டோ செமன், உலோகத்தோடு ரப்பரை ஒட்டவைக்கும் பசை ஒன்றைத் தேடினார். அம்முயற்சியில் இவ்வெண்பொருளைச் சில நீர்மங்களோடு சேர்த்துச் சூடாக்கியபோது, அது ரப்பரைப் போல் நெகிழ்ந்து வளைவதைக் கண்டார். இரண்டாம் உலகப் போரில் போர்க்கப்பல்களின் மின்கம்பிகளுக்கு எளிதில் தீப்பற்றாத உறை வேண்டியிருந்தது. அத்தேவையால் இத்தொழில் பெருகியது. போர் முடிந்தபின் அது உலகெங்கும் பரவியது.

அவ்வாலைகளில் வேலை நடந்த முறையைச் சற்று விளக்க வேண்டும். வினைல் குளோரைடு வாயுவை அழுத்தி நீர்மமாக்கி, இரண்டு ஆள் உயரத்துக்கும் மேற்பட்ட மூடிய எஃகுக் கலனுக்குள் நீரோடு சேர்த்து விடுவர். கலனைச் சூடாக்கி உள்ளே கலக்கிக்கொண்டே இருப்பர். சில மணி நேரத்தில் நீரினுள் வெண்பொடி உண்டாகிவிடும். பொடியை வெளியே எடுத்து உலர்த்தி மூட்டை கட்டுவர். ஆனால், சோற்றுப் பானையின் அடியில் காந்தல் பிடிப்பதுபோல, கலனின் உட்சுவரில் பிளாஸ்டிக் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். அதனை அகற்றாவிடில் அடுத்த முறை சரக்குக் கெட்டுவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் மேல்வாயிலைத் திறந்து, தொழிலாளர் ஒருவர் கலனுக்குள் இறங்கி, உளியாலும் சுரண்டியாலும் அக்காந்தலைப் பெயர்த்தெடுப்பார். பெயர்க்கப் பெயர்க்க, அதனுள் அடைபட்டிருந்த வாயு அவர் முகத்தை நோக்கி வெளிப்படும். மொதேனாவின் மலக்குழியில் நின்றவனுக்கும், இருநூற்றைம்பது ஆண்டுகள் கழித்து எஃகுக் கலனுக்குள் நின்றவர்க்கும் உள்ள ஒற்றுமையை நான் சொல்லவேண்டுவதில்லை.

இவ்வாயுவின் கொடுமை யாதெனில், அது தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. மெல்லிய இனிய மணமே அதற்கு உண்டு. அம்மணமும், பத்து இலட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 3,000 பங்கு வாயு கலந்தபின்னரே மூக்குக்குத் தெரியும். அதற்கும் மிகுந்தால் தலை சுற்றும். மது அருந்தினாற்போல் கால் தள்ளாடும். வெளியே வந்து சிறிது நேரம் நின்றால் தெளிந்துவிடும். ஆகவே அதனை நஞ்சென்று பலர் கருதவில்லை. தீப்பற்றி வெடித்துவிடுமோ என்னும் அச்சமே முதலில் இருந்தது. பத்து இலட்சத்தில் 500 பங்கு வரையில் தீங்கில்லை என்று ஒரு வரம்பு அமெரிக்காவில் வழக்கில் வந்தது. அவ்வெண் வசதியானது, அதனை நம்பி எல்லோரும் அமைதியாக இருந்தனர்.

ஆயினும் எச்சரிக்கைகள் இல்லாமற் போகவில்லை. 1949-ஆம் ஆண்டிலேயே சோவியத் மருத்துவர்கள் இத்தொழிலாளர் சிலரின் கல்லீரல் பழுதுற்றிருப்பதை எழுதினர். 1961-ஆம் ஆண்டில் டௌ என்னும் அமெரிக்க நிறுவனத்தின் ஆய்வாளர்கள், விலங்குகளைச் சோதித்தறிந்து, 500 பங்கு மிகுதி என்றும் 50 பங்காகக் குறைத்தல் வேண்டும் என்றும் வெளியிட்டனர். 1960-களில் கலன் துப்புரவு செய்தவர்களிடம் விந்தையானதொரு நோய் தென்பட்டது. குளிர் பட்டால் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும். நாளடைவில் விரல் நுனி எலும்பு கரைந்து, நுனிகள் குறுகித் தடிக்கும். 1967-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள் இத்தகைய 31 பேரைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். எலும்பையே கரைக்கும் பொருள் உடலின் பிற உறுப்புகளை விட்டுவைக்குமா என்று அப்போதே கேட்டிருக்கலாம்.

அவ்வினாவைக் கேட்டவர் இத்தாலியில் இருந்தார். அங்கே வினைல் குளோரைடு ஆலையொன்றின் மருத்துவராக இருந்த வியோலா என்பவர், அவ்விரல் நோயை எலிகளிடம் உண்டாக்கி ஆராய முற்பட்டார். பத்து இலட்சத்தில் 30,000 பங்கு வாயு கலந்த காற்றை ஓராண்டுக் காலம் நாள்தோறும் சில மணி நேரம் எலிகளுக்கு ஊட்டினார். அவர் தேடியது எலும்பு நோயை, கண்டதோ புற்றுநோயை. 1970-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கூடிய உலகப் புற்றுநோய் மாநாட்டில் அம்முடிவை எடுத்துரைத்தார். 30,000 பங்கு என்பது ஆலையில் எங்கும் இல்லாத அளவு, ஆகவே அஞ்ச வேண்டா என்று பலர் அமைந்தனர்.

ஐரோப்பிய நிறுவனங்கள் சில, இதனை மேலும் ஆராயும் பணியைப் பொலோஞா நகரத்தைச் சேர்ந்த சேசரே மல்தோனி என்னும் அறிஞரிடம் ஒப்படைத்தன. பொலோஞா, ராமசினி வாழ்ந்த மொதேனாவுக்கு அண்மையிலுள்ள நகரம். மல்தோனி பென்திவோலியோ என்னும் ஊரின் பழங்கோட்டை ஒன்றில் ஆய்வுக்கூடம் அமைத்து, பற்பல அளவுகளில் வாயுவை எலிகளுக்கு ஊட்டினார். 250 பங்கிலேயே எலிகளின் கல்லீரலில் ஆஞ்சியோசார்கோமா என்னும் புற்றுநோய் தோன்றியது. கல்லீரலின் குருதிக் குழாய்களில் பிறக்கும் அந்நோய் மனிதரிடம் மிக மிக அரிது. 250 என்பதோ, அன்று தீங்கற்றது என்று கருதப்பட்ட 500-இல் சரிபாதி.

நேயர்களே, இவ்விடத்தில்தான் இவ்வரலாறு நம் நெஞ்சைச் சுடுகின்றது. 1972-ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்க வேதிப்பொருள் உற்பத்தியாளர் சங்கத்தைச் சேர்ந்த நிறுவனங்களும் ஐரோப்பிய நிறுவனங்களும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. மல்தோனியின் முடிவுகளை அமெரிக்கர்க்குக் காட்டலாம். ஐரோப்பியரின் இசைவின்றி அவற்றை வெளியே சொல்லுதல் கூடாது என்பது அவ்வுடன்பாடு. 1973-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பேராளர்கள் இத்தாலிக்குச் சென்று முடிவுகளைக் கண்டனர். அவ்வாண்டு ஜூலைத் திங்களில் அமெரிக்க அரசின் தொழில் நலவாழ்வு ஆராய்ச்சி நிறுவனத்தாரைச் சந்தித்தும் பேசினர். ஆனால் எலியின் கல்லீரலில் கண்ட புற்றுநோயைப் பற்றி வாய் திறக்கவில்லை. அம்மாதங்களில் ஒவ்வொரு நாளும் தொழிலாளர்கள் கலனுக்குள் இறங்கிக்கொண்டிருந்தனர். கோட்டையில் எலிகள் எதனால் மடிகின்றன என்பது சிலர்க்குத் தெரிந்திருந்தது. கலனுக்குள் நின்றவர்க்குத் தெரியவில்லை. பல்லாண்டுகள் கழித்து, லூயிசியானா மாநிலத்தில் புற்றுநோயால் மாண்ட ஒரு தொழிலாளியின் மனைவி தொடுத்த வழக்கில், நிறுவனங்களின் பழைய கடிதங்களும் குறிப்புகளும் நீதிமன்றத்தின்வழி வெளிப்பட்டன. அதன் பின்னரே இம்மறைவு விரிவாக உலகுக்குத் தெரிந்தது.

உண்மையை முதலில் வெளிப்படுத்திய காட்சி அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் நிகழ்ந்தது. அம்மாநிலத்தின் லூயிவில் நகரத்தில், ஒகையோ ஆற்றங்கரையில், குட்ரிச் நிறுவனத்தின் பி.வி.சி. ஆலை இருந்தது. அதன் மருத்துவர் ஜான் கிரீச். விரல் எலும்பு நோயை 1960-களில் கண்டு எழுதியவர்களுள் அவரும் ஒருவர். 1971 முதல் 1973 வரையுள்ள மூன்று ஆண்டுகளுக்குள் அவ்வாலைத் தொழிலாளர் மூவர் கல்லீரல் ஆஞ்சியோசார்கோமாவால் இறந்ததை அவர் அறிந்தார். அமெரிக்கா முழுவதிலும் ஓராண்டில் இருபது முப்பது பேர்க்கு மேல் அந்நோய் வருவதில்லை. அத்தகைய நோய் ஒரே ஆலையில் மூவர்க்கு வந்தது தற்செயல் ஆகுமா? ஒரு மருத்துவர் ஒரே ஊரில், ஒரே தொழிலாளர் கூட்டத்தை நெடுங்காலம் பார்த்துவந்ததால்தான் இத்தொடர்பு புலப்பட்டது. மூவரும் மூன்று ஊர்களில் மூன்று மருத்துவர்களிடம் சென்று, அம்மூவரும் 'உமது தொழில் யாது?' என்று கேளாமல் விட்டிருந்தால், மூன்று தனி மரணங்களாக அவை மறைந்துபோயிருக்கும்.

1974-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் குட்ரிச் நிறுவனம் அச்செய்தியை அரசுக்கும் தொழிலாளர்க்கும் அறிவித்தது. அச்செயலைப் பாராட்டுதலே முறை. ஏனெனில் அதன்பின் மறைத்துவைக்க எவராலும் முடியவில்லை. மல்தோனியின் முடிவுகளும் பொதுவில் வந்தன. வேறு ஆலைகளிலும் வேறு நாடுகளிலும் பழைய இறப்புக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தபோது, அதே நோய் அடுத்தடுத்துத் தென்பட்டது. நோய் வெளிப்படுவதற்கு, வாயுவை முதலிற் சுவாசித்த நாளிலிருந்து பெரும்பாலும் இருபது ஆண்டு அல்லது அதற்கு மேலும் சென்றிருந்தது. தலைமுடிக்குத் தெளிக்கும் சில நறுமண நீர்மங்களை டப்பாவிலிருந்து பீச்சுவதற்கும் இவ்வாயுவே அக்காலத்தில் பயன்பட்டுவந்தது என்பதையும் அப்போது மக்கள் கவனித்தனர். அப்பயன் அவ்வாண்டே நிறுத்தப்பட்டது.

தொழிலாளர் பாதுகாப்புக்கென 1970-ஆம் ஆண்டில் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியிருந்தது. அச்சட்டத்தின்படி அமைந்த அரசுத் துறை, 1974 ஏப்ரலில் வரம்பை 500-இலிருந்து 50-ஆகக் குறைத்தது. அம்மாதத்திலேயே, 50 பங்கிலும் சுண்டெலிகளுக்கு அந்நோய் வருகின்றது என்று மற்றோர் ஆய்வு காட்டியது. ஆகவே அக்டோபர்த் திங்களில், எட்டு மணி நேரச் சராசரியாக 1 பங்குக்கு மேல் இருத்தலாகாது என்று துறை முடிவு செய்தது.

தொழில் துறையினர் நடுங்கினர். 500 எங்கே, 1 எங்கே? இது நடவாத காரியம். ஆலைகளை மூடவேண்டியதுதான் என்றனர். நாட்டுக்கு 6,500 கோடி டாலருக்கு மேல் இழப்பு நேரும், 22 இலட்சம் பேர் வரை வேலை இழப்பர் என்று ஒரு மதிப்பீடு கூறியது. வேலை போய்விடும் என்பதும் ஒரு தொழிலாளிக்குச் சாவச்சத்தை ஒத்ததே. அதனை எளிதாக எண்ணலாகாது. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் சென்றது. 1975-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. அதனை எழுதியவர், உச்ச நீதிமன்றத்திலிருந்து ஓய்வு பெற்ற டாம் கிளார்க். அறிவியலார் முழு உறுதி கூறும்வரை உயிர்களைப் பணயம் வைத்துக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். அரசின் ஆணை நிலைபெற்றது.

பின்னர் நிகழ்ந்தது என்ன? ஆலைகள் மூடப்படவில்லை. பொறியாளர்கள் சிந்திக்கத் தொடங்கினர். கலனின் உட்சுவரில் காந்தல் பிடியாதபடி ஒரு பூச்சுப் பூசினர். பேரழுத்தத்தில் நீரைப் பீச்சி, ஆள் இறங்காமலே கலனைக் கழுவும் கருவி செய்தனர். பொடியில் தங்கிய வாயுவை நீராவியால் வெளியேற்றி, அதனை மீண்டும் பயன்படுத்தினர். வீணாகக் காற்றில் கலந்த வாயு ஆதாயமாகவும் திரும்பியது. ஓரிரு ஆண்டுகளிலேயே பெரும்பாலான ஆலைகள் அவ்வரம்பை எட்டின. உண்மையில் ஆன செலவு, அச்சத்தோடு கூறிய தொகையில் நூறில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. கலனுக்குள் ஆள் இறங்குவதைத் தவிர்க்கும் வழியைத் தேடுமாறு எவரும் கேளாததனால்தான் அவ்வழி முப்பது ஆண்டுகள் தோன்றாமல் இருந்தது போலும்! புதிய முறையில் வேலைக்குச் சேர்ந்தவரிடம் அந்நோய் ஏறக்குறைய அற்றுப்போயிற்று. பழைய முறையில் வேலை பார்த்தவர்களுள், இருபதாம் நூற்றாண்டு முடியுமுன் உலகெங்கும் ஏறத்தாழ 200 பேர் அந்நோயால் பீடிக்கப்பட்டதாகக் கணக்கெடுக்கப்பட்டது.

இக்கதை நீதிமன்றத் தீர்ப்போடு முடிந்துவிடவில்லை. ராமசினி கண்மூடிய பதுவா நகருக்குச் சற்றுத் தொலைவில், வெனிஸ் நகரின் காயலோரத்தில், போர்த்தோ மர்கேரா என்னும் தொழிற்பேட்டை உள்ளது. அங்குள்ள பெரிய வேதியாலையில் கபிரியேலே பொர்த்தொலொத்சோ என்னும் தொழிலாளர் இருந்தார். கலன்களில் வேலை பார்த்தவர். தம்முடன் உழைத்த தோழர்கள் ஒருவர்பின் ஒருவராக இறப்பதை அவர் கண்டார். அவர் பட்டம் பெற்றவர் அல்லர். எனினும் இறந்தோர் யாவர், எப்பகுதியில் எத்தனை ஆண்டு உழைத்தனர், எந்நோயால் மாண்டனர் என்பதைப் பொறுமையோடு ஒவ்வொன்றாகத் திரட்டினார். 1994-ஆம் ஆண்டில் அத்தொகுப்பை அரசு வழக்கறிஞர் பெலிச்சே கஸ்ஸோனிடம் அளித்தார். மறு ஆண்டே சைக்கிளில் செல்லும்போது லாரி மோதி இறந்தார். தம் உழைப்பின் பயனைக் காண அவர்க்குக் கொடுத்துவைக்கவில்லை. 1998-இல் தொடங்கிய வழக்கில், நிறுவன மேலாளர் அனைவரும் 2001-ஆம் ஆண்டில் விடுதலையாயினர். மேல்முறையீட்டில் 2004-ஆம் ஆண்டு ஐவர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. 2006-ஆம் ஆண்டில் நாட்டின் தலைமை நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. எண்ணிக்கையில் அது சிறிய வெற்றியே. ஆயினும், ராமசினி மருத்துவரை நோக்கிக் கேட்கச் சொன்ன வினாவை, மருத்துவர் கேளாத இடத்தில் ஒரு தொழிலாளியே தம் தோழர்களைக் குறித்துக் கேட்டு எழுதினார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

இனி என் மாணவரிடம் திரும்புகின்றேன். அவர் வேலை பார்ப்பது வாயுவைப் பொடியாக்கும் ஆலையில் அன்று. பொடியைக் குழாயாக்கும் ஆலையில். வாயு வேறு, பொடி வேறு. இக்காலத்தில் பொடியில் எஞ்சி நிற்கும் வாயு மிகச் சிறிது. முற்றிய பி.வி.சி. குழாயைக் கண்டு நாம் அஞ்சி ஓடவேண்டுவதும் இல்லை. ஆனால் பொடிக்கும் தனித் தீங்கு உண்டு. மாவைப் போன்ற அந்நுண்துகளை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தவரின் நுரையீரலில் அது படிந்து மூச்சைக் குறைத்ததை மருத்துவர்கள் எழுதியுள்ளனர். பொடியோடு சுண்ணக்கல் தூளும் சேர்ப்பர். சூட்டில் கெடாதிருக்க ஈயச் சேர்மங்களையும் நெடுங்காலமாகச் சேர்த்துவந்தனர். ஈயத்தூள் குருதியிற் கலந்தால் நரம்பையும் சிறுநீரகத்தையும் வாட்டும் என்பது பழைய உண்மை. குழாய்களில் ஈயத்தைப் படிப்படியாக விலக்க இந்திய அரசு 2021-ஆம் ஆண்டில் விதிகள் வகுத்தது. அவ்விதி நீரைக் குடிப்பவரை எண்ணி எழுந்தது. எனினும் மூட்டையை அவிழ்த்துக் கொட்டுபவர்க்கும் அதனால் நன்மையே.

இவற்றையெல்லாம் படித்தபின் அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். "தம்பி, மருத்துவரிடம் மீண்டும் செல். அவர் கேளாவிட்டாலும் நீயே சொல். என்ன பொடி, எத்தனை ஆண்டு, நாளுக்கு எத்தனை மணி நேரம் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடு. மூட்டையின் மேல் அச்சிட்டிருக்கும் பெயர்களையும் பார்த்து எழுதிக்கொள்" என்பது அதன் சுருக்கம். இரு வாரத்தில் விடை வந்தது. இம்முறை மருத்துவர் அத்தாளை இருமுறை படித்து, நுரையீரலின் வலிமையை அளக்கும் சோதனைக்கும் குருதிச் சோதனைக்கும் அனுப்பினாராம். ஆலையில் கலக்கும் இடத்தில் தூசியை உறிஞ்சும் கருவி ஒன்றிருந்தும் பழுதாகிக் கிடந்ததென்றும், தாமும் தோழர் நால்வரும் மேலாளரைக் கண்டு அதனைச் சரிசெய்யக் கேட்டிருப்பதாகவும் எழுதியிருந்தார். கடிதத்தின் கடைசி வரி என்னைத் தலைகுனிய வைத்தது: "ஐயா, இந்தப் பொடி எப்படி உண்டாகிறது என்று வகுப்பில் நீங்கள் எழுதிப் போட்டது இன்னும் என் நினைவில் இருக்கிறது. அன்றே இதையும் சொல்லியிருக்கலாமே."

அவர் கூறியது உண்மை. நான் அறிந்ததை மறைக்கவில்லை, அறிந்துகொள்ள முயலவில்லை. அறிந்தும் வாய்மூடியவரின் குற்றம் பெரிது; அறிய முயலாதவனுடைய குறையும் குறையே. தூசியும் வாயுவும் கண்ணுக்குத் தெரியாதவை. அவற்றைக் காட்டவல்லது ஒளிவு மறைவற்ற அறிவு ஒன்றே. அவ்வறிவு கோட்டைக்குள்ளும் கடிதக் கட்டுக்குள்ளும் கிடந்த காலமெல்லாம் கலனுக்குள் நின்றவர் மடிந்தனர். அது வெளியே வந்த பின்னர், முடியாதென்று சொன்னவை ஈராண்டில் முடிந்தன.

ஆகவே இதனைக் கேட்டுக்கொண்டிருக்கும் மருத்துவர்களை வேண்டுகின்றேன்: வயதைக் கேட்கும்போதே தொழிலையும் கேளுங்கள். ஆசிரியர்களை வேண்டுகின்றேன்: அம்புக்குறியை எழுதும்போது அங்கே நிற்கும் மனிதரையும் மாணவர்க்குக் காட்டுங்கள். ஆலைகளில் உழைக்கும் அன்பர்களை வேண்டுகின்றேன்: உங்கள் மூச்சில் கலப்பது இன்னதென்று அறிந்துகொள்ள உங்களுக்கு உரிமையுண்டு, கேட்பதற்கு நாணவேண்டா.